குதிகால் மட்டுமா, கால் முழுவதுமா, முதுகுத்தண்டா? நடக்கச் சிரமப்படும் குழந்தைக்கு ஆபரேஷன் முடிவெடுக்கும் முன்

மூளை முடக்குவாதம் (செரிபிரல் பால்சி) உள்ள குழந்தை ஐந்து வயதில் நுனிக்காலில் நடக்கிறது என்றால், பெற்றோரின் காதில் நாலு பக்கமிருந்தும் யோசனை விழும். தருமபுரியில் பார்த்த எலும்பு மருத்துவர் குதிகாலில் சின்னதாக ஒரு ஆபரேஷன் போதும் என்கிறார். சேலத்தில் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்கிறார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் சித்தப்பா, முதுகில் நரம்பை வெட்டினால் இறுக்கமே போய்விடுமாம் என்று கேட்டுவந்து சொல்கிறார். வேலூர் போனால், இப்போது எதுவும் வேண்டாம், எட்டு ஒன்பது வயதில் எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்துவிடலாம் என்று அனுப்பிவிடுகிறார்கள். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு யோசனையும் ஏதோ ஒரு குழந்தைக்குப் பொருந்தக்கூடியதுதான். உங்கள் குழந்தைக்குப் பொருந்துவது எது என்று பார்ப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் குழந்தைகளுக்கு பிசியோதெரபி செய்து வருகிறவள். கத்தி எடுக்கும் முடிவு அறுவை மருத்துவருடையது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் அந்தக் கால்கள் என் போன்றவர்கள் கையில்தான் இருக்கின்றன. அந்த அனுபவத்தில் என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இரண்டு கால்களும் இறுகி, தானாகவோ வாக்கர் பிடித்தோ நடக்கிற குழந்தைக்கு, சின்ன வயதில் குதிகாலை மட்டும் வெட்டி நீட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஸ்பிளின்ட் (காலைப் பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் தாங்கி), மாவுக்கட்டு, தேவைப்பட்டால் ஊசி என்று வளர்த்துக்கொண்டு வந்து, எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்குள் இடுப்பு, முட்டி, பாதம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து ஒரே கட்டமாகச் செய்வதுதான் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நல்லது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆபரேஷனுக்கு அடுத்த ஒரு வருடத்தை வீட்டில் யார் சுமக்கப் போகிறார்கள் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

மூளையில் ஏற்பட்ட பாதிப்பு ஏற்பட்டதோடு நின்றுவிடும், அதற்குமேல் அதிகமாகாது. வருடத்துக்கு வருடம் மாறுவது கால்தான். இறுக்கமான தசை, எலும்பு வளரும் வேகத்துக்கு ஈடுகொடுத்து வளராது. எலும்பு நீள நீள தசை குட்டையாகிக்கொண்டே போகும். அப்புறம் எலும்பிலும் மாற்றம் வரும். எல்லாக் குழந்தைகளும் தொடை எலும்பில் கொஞ்சம் முறுக்கோடுதான் பிறக்கின்றன. ஓடியாடி வளரும்போது அது தளர்ந்துவிடும். இந்தப் பிள்ளைகளுக்கு அது தளராமல் தங்கிவிடுவதால் முட்டிகள் உள்பக்கம் திரும்பி ஒன்றோடொன்று உரசுகின்றன. பாதத்தின் நடுவளைவு சரிந்து உள்பக்கம் தரையில் தேய்கிறது.

ஆக, ஒரே காலில் மூன்று பிரச்சினைகள் இருக்கின்றன: நரம்பிலிருந்து வரும் இறுக்கம், குட்டையாகிப்போன தசை, திரும்பிப்போன எலும்பு. ஒவ்வொரு சிகிச்சையும் இதில் ஒன்றைத்தான் தொடும். ஊசியும் முதுகுத்தண்டு ஆபரேஷனும் இறுக்கத்தைக் குறைக்கும், எலும்பைத் திருப்பாது. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணை நீட்டினால் தசையின் நீளம் கிடைக்கும், நரம்பின் இறுக்கம் அப்படியே இருக்கும். இதைப் புரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நம் ஊரில் தசைநாண் நீட்டுவதையும் "நரம்பு ஆபரேஷன்" என்றே சொல்கிறார்கள், முதுகில் செய்வதையும் அப்படியே சொல்கிறார்கள். அதனால் யாராவது அப்படிச் சொன்னால், காலிலா முதுகிலா என்று உடனே கேட்டுவிடுங்கள்.

அடுத்து, குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியவேண்டும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1997-ல் வகுத்த ஐந்து நிலைகளைத்தான் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். முதல் நிலைக் குழந்தை எங்கும் நடக்கும், ஓடும்போது மட்டும் தடுமாறும். இரண்டாம் நிலைக் குழந்தை தானாக நடந்தாலும் படியேறக் கைப்பிடி வேண்டும், மேடுபள்ளத்தில் சிரமப்படும். மூன்றாம் நிலைக்கு வாக்கரோ ஊன்றுகோலோ தேவை. நான்காம் நிலையில் பெரும்பாலும் சக்கர நாற்காலிதான். ஐந்தாம் நிலையில் தலை நிற்பதே கஷ்டம். அசைவுத் திறனில் 90 சதவீதத்தை இந்தப் பிள்ளைகள் ஐந்து வயதுக்குள் எட்டிவிடுகிறார்கள் என்று நீண்டகால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆபரேஷன் பொதுவாக இந்த நிலையை மாற்றுவதில்லை. வாக்கர் பிடித்த குழந்தை ஆபரேஷனுக்குப் பின்னும் பெரும்பாலும் வாக்கர்தான் பிடிக்கும். ஆனால் முன்பைவிட நிமிர்ந்து, களைப்பில்லாமல், கூடுதல் தூரம் நடக்கும். பதினைந்து வயதிலும் அந்த நடை கைவிட்டுப் போகாமல் இருக்கும். இதை ஒத்துக்கொள்ள முடியாத குடும்பம் எந்த ஆபரேஷன் செய்தாலும் ஏமாற்றத்தோடுதான் திரும்பும் என்பதால், நான் இதை முதல் நாளே சொல்லிவிடுவேன்.

குதிகாலுக்கு வருவோம். ஒரு எளிய பரிசோதனையை நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டியை நேராக நீட்டி, பாதத்தை மெதுவாக மேல்நோக்கித் தள்ளுவோம். வேகமாகத் தள்ளினால் பாதியில் வெடுக்கென்று நிற்கும். அது நரம்பின் இறுக்கம். மெதுவாகத் தள்ளி, பத்து எண்ணும் வரை பிடித்திருந்தால் பாதம் செங்குத்தைத் தாண்டி மேலே வருகிறதா? வந்தால் தசை இன்னும் குட்டையாகவில்லை, கத்திக்கு வேலை இல்லை. வரவில்லை என்றால் முட்டியை மடக்கிவிட்டு அதே மாதிரி தள்ளிப் பார்ப்போம். இப்போது பாதம் சுலபமாக மேலே வந்துவிட்டால், குட்டையானது கெண்டைக்காலின் மேல்தசை மட்டும்தான். முட்டி மடங்கியும் வரவில்லை என்றால் அடியில் உள்ள தசையும் குட்டையாகியிருக்கிறது.

இரண்டு காலும் பாதித்த பிள்ளைகளில் பெரும்பாலும் மேல்தசைதான் குட்டையாகியிருக்கும். அடித்தசை கிட்டத்தட்ட சரியான நீளத்தில் இருக்கும். நிற்கும்போது முட்டி முன்னால் மடங்கிச் சரியாமல் பிடித்து வைத்திருப்பதே அந்த அடித்தசை. குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த தசைநாண் இரண்டுக்கும் பொதுவானது. அதை வெட்டி நீட்டினால் தேவையில்லாத அடித்தசையும் சேர்ந்து நீண்டுவிடும். முதல் இரண்டு வருடம் எல்லாருக்கும் சந்தோஷமாக இருக்கும். "குதிகால் கீழ பட்டுடுச்சு, இன்னும் என்ன?" என்று பாட்டி கேட்பார். பிள்ளைக்குப் பத்துப் பன்னிரண்டு வயதாகி எடை ஏறும்போதுதான் விஷயம் தெரியவரும். கெண்டைக்காலுக்குத் தாங்கும் பலமில்லை, முட்டி மடங்குகிறது, மடங்கிய முட்டியோடு குந்தின மாதிரியே நடக்கிறான், முட்டிச்சிப்பியில் வலி, பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனவன் வீட்டோடு உட்காருகிறான். அதைச் சரிசெய்ய முட்டிக்கு மேல் எலும்பை வெட்டி நிமிர்த்தி, முட்டிச்சிப்பிக்குக் கீழே இருக்கும் தசைநாணைச் சுருக்கித் தைக்க வேண்டியிருக்கும். முதலில் தவிர்க்கப் பார்த்த பெரிய ஆபரேஷனைவிட அது பெரியது. இதற்கு எதிர்ப்புறமும் நடப்பதுண்டு. ஐந்து வயதுக்கு முன் நீட்டிய குதிகால், எலும்பு வளர வளர மறுபடி தூக்கிக்கொண்டுவிடும்.

ஒரு பக்கக் கையும் காலும் மட்டும் பாதித்த குழந்தையின் கணக்கு வேறு. அங்கே இரண்டு தசைகளும் குட்டையாகியிருக்கலாம், மறுகால் நல்ல பலத்தோடு இருக்கும், குந்தி நடக்கும் ஆபத்து குறைவு. அந்தக் குழந்தைக்கு ஏழெட்டு வயதில் குதிகால் ஆபரேஷன் மட்டுமே போதுமானதாக இருக்கும் வாய்ப்பு உண்டு. பக்கத்து ஊர்ப் பையனுக்கு அதில் குணம் தெரிந்தது என்று கேள்விப்பட்டால், அவனுக்கு ஒரு காலா இரண்டு காலா என்று விசாரியுங்கள்.

அதுவரை காலத்தைக் கடத்துவது எப்படி? பிளாஸ்டிக் ஸ்பிளின்ட், அடுத்தடுத்த மாவுக்கட்டு, பொட்டுலினம் ஊசி. ஊசி சில நாளில் வேலை செய்ய ஆரம்பித்து மூன்று முதல் ஆறு மாதம் வரை இறுக்கத்தைத் தளர்த்தும். குட்டையாகிவிட்ட தசையை அது நீட்டாது. ஊசி போட்ட பின் இரண்டு மூன்று வாரம் மாவுக்கட்டும் போட்டால்தான் கெண்டைக்காலில் முழுப் பயன் கிடைக்கும். ஊசி மட்டும் போட்டு, கட்டும் இல்லாமல் பயிற்சியும் இல்லாமல் வீட்டுக்குப் போனால் அந்தப் பணம் வீண். திரும்பத் திரும்பப் போடுவதும் தசையை மெலியவைக்கும் என்ற கவலை மருத்துவர்களிடம் இப்போது அதிகமாக இருக்கிறது. என்னைக் கேட்டால், நாலு வயதிலிருந்து ஏழு வயது வரை ஒன்றிரண்டு முறை, ஒரு தெளிவான காரணத்தோடு போடலாம்.

ஸ்பிளின்டைப் பொறுத்தவரை பென்னாகரம், அஞ்செட்டி, தளிப் பக்கம் மேட்டு நிலத்தில் இருக்கும் வீடுகளில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. அதை மாட்டிக்கொண்டு ரப்பர் செருப்பில் நடக்க முடியாது. ஒரு அளவு பெரிய கான்வாஸ் ஷூ வேண்டும், உள்ளே பருத்தி சாக்ஸ் வேண்டும். கழற்றிய பின் சிவந்த தடம் அரை மணி நேரத்தில் மறைகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். குழந்தை வளர வளர, கிட்டத்தட்ட வருடத்துக்கு ஒரு முறை, புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும்.

சரி, ஒரே கட்டமாகச் செய்யும் பெரிய ஆபரேஷன். முன்பெல்லாம் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் குதிகால், அடுத்த வருடம் முட்டிக்குப் பின்னால், அதற்கடுத்து இடுப்பு என்று செய்தார்கள். பிறந்தநாள் வரும்போதெல்லாம் பிள்ளை மருத்துவமனையிலோ மாவுக்கட்டிலோ இருந்தது. ஒன்றைத் தளர்த்தினால் இன்னொன்று கெட்டது. இப்போது இரண்டு கால்களிலும் தேவையான எல்லா இடத்தையும் ஒரே மயக்கத்தில், ஒரே மருத்துவமனை வாசத்தில் முடிக்கிறார்கள். தொடை எலும்பை வெட்டித் திருப்பி பிளேட் வைப்பது, தொடையின் பின்தசையை நீட்டுவது, கெண்டைக்காலின் மேல்தசையை மட்டும் தளர்த்துவது, சரிந்த பாதத்தை நிமிர்த்துவது என்று ஆறு, எட்டு, பத்து இடங்கள்கூட இருக்கும். நடை ஓரளவு முதிர்ந்து, தசை மறுபடி குட்டையாகும் வேகம் குறைந்த பிறகு செய்ய வேண்டும் என்பதால்தான் எட்டு வயதுக்கு மேல் என்று சொல்கிறார்கள். மெல்போர்னில் 19 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கிச் செய்த ஆய்வு 2011-ல் வெளியானது. ஆபரேஷன் செய்த பிள்ளைகளின் நடை ஒரு வருடத்தில் தெளிவாக நேரானது. பயிற்சி மட்டும் பெற்றவர்களின் நடை அப்படி முன்னேறவில்லை. சின்ன ஆய்வுதான், ஆனால் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்தது என்பதால் மதிப்புள்ளது.

அந்த ஒரு வருடம் எப்படி இருக்கும் என்பதை மருத்துவமனையில் யாரும் முழுதாகச் சொல்வதில்லை. முதல் ஆறு வாரம் மாவுக்கட்டு. இரண்டு காலும் கட்டில் இருக்கும் ஒன்பது வயதுப் பிள்ளையைப் பேருந்தில் ஏற்ற முடியாது. ஒவ்வொரு மறுபரிசோதனைக்கும் வண்டி பிடிக்க வேண்டும். வீட்டுக் கழிப்பறையில் உட்கார முடியாது, நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று வேண்டும். இரவில் தசை வெட்டி வெட்டி இழுக்கும், பிள்ளை அலறும். அதற்கு மருந்து உண்டு, டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கட்டு பிரித்த அன்று கால் குச்சி மாதிரி இருக்கும், நிற்க வைத்தால் நடுங்கும். மூன்றாவது மாதத்தில் ஆபரேஷனுக்கு முன்பு நடந்ததைவிட மோசமாகத்தான் நடக்கும். "நல்லா நடந்த புள்ளைய கெடுத்துட்டாங்க" என்று சொந்தக்காரர்கள் சொல்வது இந்தக் கட்டத்தில்தான். பல குடும்பங்கள் பயிற்சியை நிறுத்துவதும் இப்போதுதான். ஆறு மாதத்துக்கு மேல் பலம் திரும்ப ஆரம்பிக்கும். ஒரு வருடத்தில் பழைய நிலையைத் தாண்டும். இரண்டு வருடம் வரை முன்னேற்றம் வந்துகொண்டே இருக்கும். மூன்றாம் மாதத்தில் நிறுத்திவிட்டால் அந்தப் பலம் திரும்பாது.

இங்கே நம் மாவட்டத்து நிலைமை குறுக்கே வருகிறது. பென்னாகரம், அரூர்ப் பக்கத்துக் குடும்பங்களில் அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட, பிள்ளை தாத்தா பாட்டியோடு இருக்கும். ஒன்பது வயதுப் பையனை மாவுக்கட்டோடு தூக்கிப் புரட்ட பாட்டியால் முடியாது. பெற்றோரில் ஒருவர் குறைந்தது ஆறு மாதம் ஊரோடு இருக்க முடியும் என்றால் மட்டுமே தேதி வாங்குங்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் செய்தால் கட்டுக்காலம் பெரும்பாலும் கோடை விடுமுறையில் கழிந்துவிடும், வேர்வையும் அரிப்பும் இருந்தாலும் பள்ளி அவ்வளவாக விட்டுப்போகாது. ஆனால் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு ஏப்ரலிலிருந்து ஜூலை வரை மூச்சுவிட நேரமிருக்காது. அவர்களுக்கு அறுவடை முடிந்து ஆகஸ்டு நல்லது. பள்ளியில் சொல்லிவைத்தால் சமாளிக்கலாம். பள்ளிக்கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் பிசியோதெரபி கிடைக்கும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கிடைக்கும், ஆனால் தினமும் கிடைக்காது. தினமும் செய்ய வேண்டியதை வீட்டில் ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும். உட்கார்ந்து எழுவது, படியேறுவது, குப்புறப் படுத்து இடுப்பை நீட்டுவது என்று முக்கால் மணி நேர வேலை அது.

முதுகுத்தண்டு ஆபரேஷனைப் பற்றித்தான் இப்போது அதிகம் கேட்கிறார்கள். கீழ்முதுகில், காலிலிருந்து தண்டுவடத்துக்குச் செய்தி கொண்டுபோகும் உணர்வு நரம்பு வேர்களை இழை இழையாகப் பிரித்து, மின்தூண்டல் கொடுத்துப் பார்த்து, அதில் ஒரு பகுதியை வெட்டுகிறார்கள். கேப் டவுனில் வார்விக் பீகாக் என்ற மருத்துவர் 1980-களில் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். இங்கிலாந்து அரசு மருத்துவத் துறை 2018-ல் இதற்குப் பணம் கொடுக்க ஒத்துக்கொண்டபோது, மூன்று முதல் ஒன்பது வயது, இரண்டாம் மூன்றாம் நிலைக் குழந்தைகள் என்று வரையறுத்தது. இறுக்கம் குறைவது நிரந்தரம். வெட்டியது வெட்டியதுதான், திரும்ப ஒட்டாது.

யாருக்குப் பொருந்தும்? குறைமாதத்தில் பிறந்து, இரண்டு கால்களிலும் சுத்தமான இறுக்கம் மட்டும் இருந்து, இறுக்கத்துக்கு அடியில் தசைகளில் நல்ல பலமும், சொன்னதைப் புரிந்து செய்யும் அறிவும் உள்ள நாலு முதல் எட்டு வயதுக் குழந்தைக்கு. பிறந்ததும் அழாமல் மூச்சுத்திணறிய குழந்தைகள் சிலருக்கு உடல் தானாக முறுக்கிக்கொள்ளும். அந்த வகைக்கு இது உதவாது. சில குழந்தைகள் இறுக்கத்தை ஊன்றித்தான் நிற்கின்றன. இறுக்கத்தை எடுத்துவிட்டால் கால் துவண்டு, இருந்த நிற்றலும் போய்விடும். இதன் பிறகு மாதக்கணக்கில், வாரம் நாலைந்து நாள் முறையான பயிற்சி வேண்டும். பெங்களூருக்குப் பக்கத்தில் ஓசூரில் குடியிருந்தால் அது ஆகலாம். தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் மலைக் கிராமத்தில் இருந்துகொண்டு ஆகாது. எலும்பில் முறுக்கு ஏற்கனவே விழுந்திருந்தால் பின்னால் கால் ஆபரேஷனும் வேண்டியிருக்கும். அதனால் கடன் வாங்கி முதுகுத்தண்டு ஆபரேஷன் செய்யும் முன், எம்.ஆர்.ஐ. படத்தோடு, அதைச் செய்யாத ஒரு மருத்துவரிடம் இரண்டாவது கருத்து வாங்குங்கள். வயிற்றில் பம்ப் வைத்து, இறுக்கத்தைக் குறைக்கும் பேக்லோஃபென் மருந்து செலுத்துவது நடக்கிற குழந்தைக்கு அநேகமாகத் தேவைப்படாது, அதைப் பேச வேண்டியதில்லை. ஸ்டெம் செல் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் போகவே வேண்டாம். மூளை முடக்குவாதத்துக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை, ஆய்வுக்கு வெளியே கொடுக்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல்.

இத்தனை யோசனைக்கு நடுவில் யாரும் பேசாத ஒன்று இடுப்பு. தொடை எலும்பின் தலை கிண்ணத்திலிருந்து மெல்ல மெல்ல வெளியே நகரும், ஆரம்பத்தில் வலியே இருக்காது. இரண்டாம் நிலைக் குழந்தைகளில் ஆறேழு பேரில் ஒருவருக்கும், மூன்றாம் நிலையில் பத்தில் நாலு பேருக்கும், ஐந்தாம் நிலையில் பத்தில் ஒன்பது பேருக்கும் இது நடக்கிறது. கண்டுபிடிக்க ஒரு சாதாரண இடுப்பு எக்ஸ்ரே போதும், தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ எடுத்துவிடலாம். மூன்றில் ஒரு பங்கு வெளியே வந்துவிட்டது என்றால் குதிகால், முட்டி பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் இடுப்பைப் பார்க்க வேண்டும்.

பண விஷயம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீட்டில் இந்தக் குழந்தைகளுக்கு 1 லட்சம் வரை கிடைக்கிறது, பிசியோதெரபிச் செலவும் அதில் அடங்கும். ஆபரேஷன் தேதிக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் சிகிச்சையின் பெயரைச் சொல்லி, எத்தனை எலும்பு, பிளேட் செலவு சேருமா, ஓசூர் தாண்டிக் கர்நாடகத்தில் செய்தால் அட்டை செல்லுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. ஸ்பிளின்டும் வண்டி வாடகையும் ஆறு மாதக் கூலி இழப்பும் பெரும்பாலும் இந்த அட்டைகளில் வராது. அதற்குத் தனியாகச் சேர்த்துவைக்க வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது செல்போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். குழந்தைக்குத் தொடை தெரிகிற மாதிரி ஜட்டியோ குட்டை டிராயரோ போட்டு, வெறுங்காலில், போனை முட்டி உயரத்தில் பிடித்து, எதிரிலிருந்து ஒன்று, இரண்டு பக்கவாட்டிலிருந்தும் ஒவ்வொன்று. பத்து எட்டு போதும். மருத்துவமனை வராண்டாவில் பயந்துகொண்டு நடக்கும் நடையைவிட வீட்டு வாசலில் நடக்கும் நடைதான் உண்மையானது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே இடத்தில் எடுத்துவைத்தால், முட்டி மடங்குவது கூடுகிறதா என்பது உங்கள் கண்ணுக்கே தெரியும்.

அடுத்த வருடத்தைச் சுமக்க வீட்டில் இப்போது ஆளில்லை என்றால், எட்டு வயதில் செய்ய நினைத்ததை ஒன்பதுக்கோ பத்துக்கோ தள்ளிவைக்கலாம். அதனால் பெரிய நஷ்டம் வராது, இடுப்பு எக்ஸ்ரே நன்றாக இருக்கவேண்டும், ஸ்பிளின்டும் பயிற்சியும் விடாமல் நடக்கவேண்டும், அவ்வளவுதான். ஆனால் வயதுக்கு வரும் வளர்ச்சிக்கு முன்னால், அதாவது பெண் பிள்ளைக்குப் பதினொன்றுக்குள், பையனுக்குப் பதின்மூன்றுக்குள் முடித்துவிடப் பாருங்கள். அந்த இரண்டு வருடத்தில் உயரமும் எடையும் ஒருசேர ஏறி, மடங்கிய முட்டி இன்னும் மடங்கும், அப்புறம் அதே ஆபரேஷனில் கிடைக்கக்கூடிய பலன் குறைந்துவிடும்.